வேலையை விடாமல் சட்டம் படிக்க விரும்பும் மேலாளருக்கு: எந்தப் பட்டம் எதற்கு உதவும்?

வாசகர் கேள்வி: திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மனிதவள மேலாளராக இருக்கிறேன். வயது 37, எம்.பி.ஏ. முடித்திருக்கிறேன். வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஒழுங்கு நடவடிக்கை என்று என் மேசைக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலானவை சட்டம் சம்பந்தப்பட்டவை. வேலையை விடும் எண்ணம் இல்லை. வெளிமாநிலக் கல்லூரியில் வகுப்புக்கே போகாமல் எல்.எல்.பி. வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். எந்தப் பட்டதாரியும் இணையவழியில் எல்.எல்.எம். படிக்கலாம் என்றும் ஒரு விளம்பரம் பார்த்தேன். நான் எதில் சேரலாம்?

பதில்: உங்களுக்கு வேண்டியது நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமையா, அல்லது உங்கள் வேலைக்குத் தேவையான சட்ட அறிவா என்பதை முதலில் தீர்மானித்துக் கொள்ளுங்கள். இரண்டுக்கும் வழி வெவ்வேறு. ஒன்றுக்கான பட்டத்தை மற்றதற்காக வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துகிறவர்கள் பலர்.

வழக்காடும் உரிமை, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கே உண்டு. அதற்கு இந்திய பார் கவுன்சில் ஏற்றுக்கொண்ட எல்.எல்.பி. வேண்டும்; அதன் பிறகு அகில இந்திய பார் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும். ஆனால் முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் அந்த வேலை நீடிக்கும் வரை வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது. ஆகவே நீங்கள் எல்.எல்.பி. முடித்தாலும், மேலாளர் நாற்காலியில் இருக்கும் காலம் முழுவதும் அந்தப் பட்டம் தரும் தனி உரிமையைப் பயன்படுத்த முடியாது. பத்து ஆண்டுகள் கழித்து வேலையை விட்டு வழக்கறிஞர் தொழிலுக்கு வரும் உறுதியான திட்டம் இருந்தால் நிலைமை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு திட்டம் தென்படவில்லை.

முகவர் சொல்லும் வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக்கல்வி விதிகளின்படி, மூன்றாண்டு எல்.எல்.பி.யில் வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் வகுப்பு நடக்க வேண்டும். அதில் 24 மணி நேரமாவது விரிவுரையாக இருக்க வேண்டும். குறைந்தது 70 சதவீத வருகை வேண்டும் என்பதும் விதி. வகுப்புகளைக் காலை 8 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் நடத்த வேண்டும். தொலைநிலையில் பெற்ற எல்.எல்.பி.யைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. காலையில் தொழிற்சாலைக்குள் நுழைந்து, கப்பலுக்குச் சரக்கு போகும் வாரங்களில் இரவு வரை அங்கேயே இருக்கும் ஒருவர் இந்த நிபந்தனைகளை நேர்மையாக நிறைவேற்ற இயலாது. வகுப்புக்கு வராதவருக்கு வருகை போட்டால்தான் முகவர் சொல்வது நடக்கும். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை, சட்டக் கல்லூரிகளில் விரல்ரேகை போன்ற உயிரளவு வருகைப்பதிவையும் கண்காணிப்புக் கேமராவையும் வலியுறுத்தியதோடு, வேலையில் இருக்கும் மாணவர் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டது. பொய் வருகையின் மீது நிற்கும் பட்டம் பதிவின்போதோ அதற்குப் பின்னரோ கேள்விக்குள்ளானால், பணத்தோடு பெயரும் போகும். வருகைப்பதிவில் முறைகேடு செய்த தொழிலாளிக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பும் பொறுப்பில் இருப்பவர் நீங்கள். அந்தப் பொறுப்புக்கும் இந்த வழிக்கும் சற்றும் பொருந்தாது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

விளம்பரத்தில் நீங்கள் பார்த்த எல்.எல்.எம். பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்தியாவில் எல்.எல்.பி. படிக்காதவர் எல்.எல்.எம். படிக்க முடியாது. எந்தப் பட்டதாரிக்கும் திறந்திருக்கும் வணிகச் சட்டம், மனித உரிமை போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கு எல்.எல்.எம். என்று பெயரிடக் கூடாது என்று பார் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டு முதுநிலைச் சட்டக்கல்வி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. 2025-இலும் பார் கவுன்சில் இதை வலியுறுத்தி எச்சரித்தது. அந்தப் பெயரைக் காட்டி உங்களை அழைக்கும் நிறுவனம் வேறு எதைச் சொன்னாலும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

அப்படியானால் சட்டம் படிக்காத பட்டதாரிகளுக்கென நேர்மையான முதுநிலைப் படிப்புகள் இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, வணிகச் சட்டங்களில் எம்.பி.எல். எனப்படும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை நீண்ட காலமாக நடத்தி வருகிறது. எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம், நுகர்வோர் சட்டம் போன்றவற்றில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புகளும் அங்கே உள்ளன. ஹைதராபாத்தில் உள்ள நல்சார் பல்கலைக்கழகம் விமானப் போக்குவரத்துச் சட்டம், குற்றவியல் சட்டமும் தடய அறிவியலும் போன்ற துறைகளில் தொலைநிலையில் எம்.ஏ. படிப்புகளை வழங்கி வந்திருக்கிறது. இவற்றில் எதுவும் உங்களை வழக்கறிஞர் ஆக்காது; நல்ல நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடும். அமெரிக்காவின் பல சட்டக் கல்லூரிகளும் வழக்கறிஞர் அல்லாதவர்களுக்கென இத்தகைய சட்ட முதுகலைப் படிப்புகளை நடத்துகின்றன. அவற்றை முடித்தவரும் அங்கே வழக்கறிஞர் ஆகிவிடுவதில்லை.

உங்கள் வேலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எம்.பி.எல். அன்று. அது ஒப்பந்தம், நிறுமம் என்று வணிகச் சட்டங்களின் பரந்த பரப்பைத் தொடும் படிப்பு. உங்களுக்கோ இன்று ஆழம் தேவைப்படுவது தொழிலாளர் சட்டத்தில். சென்னையில் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் நடத்தும் தொழிலாளர் சட்டங்களும் நிர்வாகச் சட்டமும் என்ற வார இறுதிப் பட்டயப் படிப்பு உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பொருத்தமானது. அங்கே தொழிலாளர் நிர்வாகத்தில் மாலைநேர முதுநிலைப் பட்டயமும் உண்டு. ஆனால் திருப்பூரிலிருந்து மாலைநேர வகுப்புக்குப் போய்வர முடியாது. வார இறுதி ரயில் பயணம் கடினமானதுதான், ஆனாலும் ஓராண்டு தாங்கக் கூடியது. அதை முடித்த பிறகு, நிறுவனத்தின் மொத்தச் சட்ட இணக்கப் பொறுப்புக்கு உயர விரும்பினால் எம்.பி.எல். பற்றி யோசியுங்கள், அப்போது அடித்தளம் உறுதியாக இருக்கும்.

இந்த வரிசையைச் சொல்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை ஒன்றிணைத்த நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. உங்கள் துறையில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இப்போது புதிதாகப் படித்தே ஆக வேண்டும். ‘ஊதியம்’ என்பதன் வரையறையை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். மொத்தச் சம்பளத்தில் ஊதியமாகக் கொள்ளப்படாத படிகள் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். ஒருவருடைய மாத வருமானம் 20,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 8,000, மற்ற 12,000 அத்தகைய படிகள் என்றால், பாதியான 10,000-க்கு மேல் உள்ள 2,000 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்து, ஊதியம் 10,000 ஆகிவிடும். பணிக்கொடையை ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிடுகிறோம். பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு 8,000 ரூபாய் அடிப்படையில் 46,154 ரூபாய் வரும். 10,000 ரூபாய் அடிப்படையில் 57,692 ரூபாய். இந்த 11,538 ரூபாய் வேறுபாட்டை உங்கள் கணக்குப் பிரிவு கவனிக்காமல் விட்டால் இழப்பு அந்தத் தொழிலாளிக்கு, வழக்கு உங்களுக்கு. குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவர் ஐந்தாண்டு காத்திராமல் ஓராண்டிலேயே பணிக்கொடைக்கு உரியவராவதும் இதே தொகுப்புகள் கொண்டுவந்த மாற்றமே. பருவத்துக்கு ஏற்ப ஆள் எடுக்கும் ஆடைத் தொழிலில் இது சிறிய விஷயமன்று.

நான் உங்களிடம் அதிகமாக வற்புறுத்த விரும்புவது உள்விசாரணை பற்றியது. ஒரு தொழிலாளியைப் பணிநீக்கம் செய்யும் முன் நடக்கும் விசாரணையில் குற்றச்சாட்டு தெளிவாக இல்லாவிட்டாலோ, அவருக்குச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு தராவிட்டாலோ, குற்றம் உண்மையாகவே நடந்திருந்தாலும் விசாரணை செல்லாமல் போகலாம். விசாரணை முறையாக நடந்திருந்தாலும்கூட, தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்று கருதினால் தொழில் தகராறை விசாரிக்கும் தீர்ப்பாயம் அதைக் குறைக்கலாம். 1971-இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் 11-ஏ பிரிவாகச் சேர்ந்த இந்த அதிகாரம் புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பையும் கேட்டு நடுநிலையோடு முடிவெடுக்க வேண்டும் என்ற இயற்கை நீதியை நூலில் ஒருமுறை படித்தால் போதாது. தீர்ப்புகளை எடுத்து, எந்தக் கட்டத்தில் நிர்வாகம் தவறியது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இ-எஸ்.சி.ஆர். தளத்தில் 2023 முதல் கட்டணமின்றிப் படிக்கலாம். பல தீர்ப்புகளின் தமிழாக்கமும் உண்டு. மத்தியச் சட்டங்களின் மூலப் பிரதிகள் அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் வினா-விடைக் கையேட்டை ஒதுக்கிவிட்டு, வரையறைப் பிரிவிலிருந்து தொடங்கி மூலச் சட்டத்தையே வாசியுங்கள். வாரத்துக்கு ஆறு, ஏழு மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியாது என்றால் இந்த ஆண்டு சேர வேண்டாம்.

படித்த பிறகு என்னென்ன செய்யலாம் என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். தொழில் தகராறில் இரு தரப்பையும் பேச வைக்கும் அரசின் சமரச அலுவலர் முன் நடக்கும் பேச்சுவார்த்தையில் வழக்கறிஞர் மூலம் ஆஜராகும் உரிமை யாருக்கும் இல்லை. நிறுவனத்தின் நிலையை அங்கே விளக்க வேண்டியவர் உங்களைப் போன்ற அலுவலரே. பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் முன்னும் இரு தரப்பாரும் வழக்கறிஞரை அழைத்துவர முடியாது. அந்த விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். சட்டம் தெரிந்த மேலாளரின் மதிப்பு இந்த இடங்களில்தான் தெரியும். ஆனால் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக நிற்க வேண்டாம், பெயர் அட்டையிலும் அப்படிப் போட்டுக் கொள்ள வேண்டாம். பதிவு இல்லாமல் தொழில் செய்வோருக்கு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

இதே கேள்வியைப் பொறியாளர் கேட்டிருந்தால் விடை மாறியிருக்கும். அறிவியல், பொறியியல் பட்டதாரிகள் காப்புரிமை முகவர் தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றால், எல்.எல்.பி. இல்லாமலே காப்புரிமை அலுவலகத்தில் பிறருக்காக ஆஜராகலாம். அவர்களுக்கு அறிவுசார் சொத்துரிமைப் பட்டயம் நேரடியாகவே உதவும்.

கட்டணம் கட்டும் முன் நிறுவனத்திடம் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நீங்கள் சேரும் ஆண்டுக்கு இந்தப் படிப்புக்கு எந்த அமைப்பின் அங்கீகாரம் உள்ளது, சான்றிதழில் அச்சாகும் பட்டத்தின் பெயர் என்ன, நேரடி வகுப்புகளும் தேர்வும் எந்த ஊரில், எந்த நாட்களில் நடக்கும். தொலைநிலைப் படிப்பாக இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலையும் அதே வாரத்தில் பாருங்கள், ஏனெனில் அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் நிர்வாகத்திடமும் கட்டணத்தில் ஒரு பங்கைக் கேளுங்கள். புதிய தொகுப்புகளால் உங்கள் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் எவை மாறுகின்றன என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி அந்தக் கோரிக்கையோடு இணைத்துக் கொடுங்கள். அதை எழுதி முடிக்கும்போதே எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.