பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குப் புது டிரைவர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1999-இல் வாங்கிய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். இடது பக்கம் கொஞ்சம் சத்தம் கூட்டினாலே கரகரக்கிறது. முன்பக்க வலையைக் கழற்றினால், கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் விரல் பட்டதுமே பொடியாக உதிர்கிறது. பின்னால் 4 ஓம், 10 வாட் என்று இருக்கிறது. அதே அளவில் 8 ஓம், 50 வாட் டிரைவர் (பெட்டிக்குள் கூம்பும் காந்தமும் சேர்ந்து ஓசை எழுப்பும் பாகம்) கிடைக்கிறது. வாட் அதிகம்தானே, மாட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள், உங்கள் டிரைவர் இன்னும் சாகாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வளையம் பாலியூரித்தேன் ஃபோம். காற்றின் ஈரமே அதை மெல்ல அரித்துவிடும், பாட்டு கேட்டாலும் சரி, அலமாரியில் மூடி வைத்தாலும் சரி, பத்து இருபது வருடத்தில் இப்படித்தான் உதிரும். ரப்பர் வளையம் போட்ட டிரைவர்கள் இதைவிடப் பல வருடம் தாங்கும்.

முதலில் இரண்டு சோதனை செய்யுங்கள். கூம்பின் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் விரல் வைத்து ஒரே சீராக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். உரசும் சத்தம் இல்லை என்றால் உள்ளே காயில் (கூம்பின் பின்னால் உள்ள கம்பிச் சுருள்) நேராக இருக்கிறது. அடுத்து வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை, பாருங்கள். 4 ஓம் டிரைவர் மீட்டரில் 4 காட்டாது, 3.2 முதல் 3.7 வரை காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் எரிந்திருக்கலாம், அல்லது கூம்புக்குப் போகும் அந்தப் பின்னல் வயர் அறுந்திருக்கலாம். வயர் மட்டும்தான் அறுந்தது என்றால் ஒரு சால்டரிங்கில் முடிந்துவிடும்.

இரண்டிலும் தேறினால் வளையத்தை மட்டும் மாற்றுவதுதான் என் முதல் யோசனை. பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, புது வளையத்தை ஒட்டி, காயில் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு முழு நாள் காயவிட வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் பழைய ஓசை அப்படியே திரும்பி வரும். ஒரு சிக்கல், இரண்டரை மூன்று இஞ்ச் சின்ன கூம்புகளுக்குச் சரியான வளையம் லேசில் கிடைக்காது. அப்போதுதான் புது டிரைவர் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி அந்த 50 வாட்டுக்கு வருகிறேன். டிரைவரின் மேல் போட்டிருக்கும் வாட், அது எவ்வளவு சக்தியைத் தாங்கும் என்பதற்கான கணக்கு, எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கு அல்ல. சக்தி கொடுப்பது உங்கள் ஆம்ப் (பெட்டிக்குள் ஓசையைப் பெருக்கிக் கொடுக்கும் சர்க்யூட்), அது பழைய 10 வாட்தான். 4 ஓம் இருந்த இடத்தில் 8 ஓம் போட்டால் ஆம்புக்கு ஆபத்து இல்லை, ஆனால் டிரைவருக்குப் போகும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும், இடது பக்கம் மட்டும் அமுங்கிக் கேட்கும். இதைத் திருப்பிச் செய்வதுதான் ஆபத்து. 8 ஓமுக்காகச் செய்த ஆம்பில் 4 ஓம் மாட்டினால் இரண்டு மடங்கு மின்னோட்டம் இழுத்து ஆம்பின் ஐசி (சிப்) சூடேறி, ஒருநாள் போயே போய்விடும்.

வாட்டைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. 3 டெசிபல் குறைந்த டிரைவரிடம் அதே சத்தம் கேட்க இரண்டு மடங்கு சக்தி வேண்டும். பெரிய வாட் டிரைவர்கள் பலவற்றில் கனமான கூம்பு இருப்பதால் இது குறைவாக இருக்கும், சின்ன ஆம்ப் அதைத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போகும். அதனால் 4 ஓம், பழையதைப் போலவே லேசான கூம்பு, இதைத் தேடுங்கள். வாங்கினால் ஜோடியாக வாங்கி இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இதையெல்லாம்விட நல்லது, அதே மாடலில் ஆம்ப் செத்துப்போன ஒரு செட் கிடைத்தால் அதிலிருந்து டிரைவரைக் கழற்றிக்கொள்வது, அதிலும் வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு.

அளவு எடுக்கும்போது, ‘3 இஞ்ச்’ என்ற பெயரை நம்பாதீர்கள், சிலர் ஃபிரேமின் வெளி அளவைச் சொல்வார்கள், சிலர் கூம்பைச் சொல்வார்கள். பெட்டியில் உள்ள ஓட்டை, ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே குறுக்கு அளவு, பின்னால் காந்தத்துக்கு உள்ள ஆழம், மூன்றையும் ஸ்கேல் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் இருக்கும் பக்கத்துப் பெட்டியில் காந்தம் போய் போர்டில் இடிக்கும், நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: டிரைவர் இரண்டையும் மாற்றினேன், ஓம் எல்லாம் சரி. ஆனால் முன்பிருந்த பேஸ் (தாழ்ந்த, அதிரும் ஓசை) காணோம். டிரைவர் மட்டமா?

பதில்: டிரைவரைத் திட்டும் முன் வயரைப் பாருங்கள். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஆம்பிலிருந்து கழற்றிய வயரில், இரண்டு பக்கமும் பிளஸுக்குப் பிளஸ் வருமாறு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், இரண்டு கூம்பும் ஒரே திசையில் நகர வேண்டும்.

அது சரியாக இருந்தால் காற்றுக் கசிவு. ஃபிரேமுக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய டிரைவரில் ஒரு மெல்லிய பட்டை இருந்திருக்கும், கழற்றும்போது கிழிந்திருக்கும். மெல்லிய ஃபோம் டேப் சுற்றி ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

இதற்குப் பிறகும் பேஸ் வரவில்லை என்றால்தான் டிரைவர். எந்த டிரைவருக்கு எவ்வளவு பெரிய பெட்டி பொருந்தும் என்பதற்குக் கணக்கு உண்டு. நெவில் தீல் 1961-இல் எழுதியதையும் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்து எழுதியதையும் சேர்த்துத் தீல்-ஸ்மால் அளவுகள் என்கிறோம். பழைய செட்களில் பலவற்றில் அந்த ஒரிஜினல் டிரைவர் எங்கே தடுமாறுமோ அங்கே ஆம்பே தூக்கிக் கொடுக்கும்படி சர்க்யூட் போட்டிருப்பார்கள். பெட்டி, ஆம்ப், டிரைவர் மூன்றும் சேர்ந்து பழகியவை. ‘இன்னும் உசத்தியாக’ ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால் அந்தக் கணக்கு தப்பிப்போகும், அதனால்தான் பழையதைப் போன்றதைத் தேடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: பழைய டிரைவரின் காந்தத்தைச் சுற்றி இரும்பு டப்பா மாதிரி ஒரு மூடி இருக்கிறது. புதியதில் இல்லை.

பதில்: அந்தக் காலத்து டியூப் மானிட்டரின் பக்கத்தில் வைத்தால் காந்தம் திரையில் நிறக்கறை உண்டாக்கும், அதைத் தடுக்கத்தான் அந்த மூடி. எல்சிடி திரைக்கு அது தேவையே இல்லை. டியூப் மானிட்டரே வைத்திருக்கிறீர்கள் என்றால் ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ட்வீட்டரில் (உயர்ந்த ஓசைக்கான சின்ன டிரைவரில்) இருந்த சின்னக் கெபாசிட்டரை எடுத்துவிட்டு நேரடியாக வயர் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ட்வீட்டர் தாங்க முடியாத தாழ்ந்த ஓசையை அந்தக் கெபாசிட்டர்தான் தடுக்கிறது. 3.3 மைக்ரோஃபாரட், 8 ஓம் என்றால் சுமார் 6000 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துக்கொண்டே போகும். அதே கெபாசிட்டரோடு 4 ஓம் ட்வீட்டர் போட்டால் அது 12000-க்கு ஏறிவிடும், இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பழசாகியிருந்தால் அதே மதிப்பில், பிளஸ் மைனஸ் இல்லாத வகையில் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: புது டிரைவர் மாட்டி இரண்டே நாளில் காயில் எரிந்த வாசனை. மறுபடி வாங்கப் போகிறேன்.

பதில்: வாங்க வேண்டாம், முதலில் ஆம்பைப் பாருங்கள், அதிலிருந்து நிலையான டிசி (ஒரே திசை மின்சாரம்) வந்தால் காயில் சூடேறி எரியும். பழைய டிரைவரும் இதனால்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். டிரைவர் எதுவும் மாட்டாமல், பாட்டும் ஓடாமல், ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பாருங்கள். ஒரு முனையைப் பிடித்துக் கிரவுண்டோடு அளக்காதீர்கள், பிரிட்ஜ் வகை ஆம்பில் (வயரின் இரண்டு முனைகளையும் ஆம்பே இயக்கும் வகை) அது எப்போதும் பாதி சப்ளையைக் காட்டிக் குழப்பும். பெட்டியைத் திறக்க வேண்டி வந்தால் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் பொறுத்து, பெரிய கெபாசிட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று அளந்த பிறகே கை வையுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வீட்டு மின்சாரம் நேராக வருகிறது. ஸ்பீக்கர் முனைகளில் 50 மில்லிவோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பக்கம் நிலையான டிசி இல்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஐசியோ அவுட்புட் கெபாசிட்டரோ போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை மாற்றி மறுபடி அளந்து பார்க்கும்வரை எந்த டிரைவரையும் அதில் மாட்டாதீர்கள்.