மின்காந்தக் கதிர்வீச்சு: பிளஸ் ஒன் வேதியியல் சந்தேகங்களுக்குப் பதில்

கேள்வி: அலைநீளம் கூடினால் ஆற்றல் கூடுமா, குறையுமா? ஒவ்வொரு தேர்விலும் மாற்றி எழுதிவிடுகிறேன்.

குறையும். வெற்றிடத்தில் எல்லா மின்காந்த அலைக்கும் ஒரே வேகம்தான், நொடிக்கு 2.998 × 10⁸ மீட்டர். வேகம் மாறாதபோது அலை நீண்டால் நொடிக்கு வரும் அலைகளின் எண்ணிக்கை குறையும், அதாவது அதிர்வெண் குறையும். ஆற்றல் அதிர்வெண்ணைப் பின்தொடர்ந்து போகும். இந்த வரிசையை மனதில் ஓட்டிப் பாருங்கள், மனப்பாடம் தேவைப்படாது.

கேள்வி: ஆற்றலுக்கான சூத்திரம் (E = hν, ν = c/λ) தெரியும், ஆனால் கணக்கில் விடை தாறுமாறாக வருகிறது. எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் நானோமீட்டரில். சோடியத்தின் மஞ்சள் ஒளியையே போட்டுப் பார்ப்போம். அலைநீளம் 589 நானோமீட்டர். முதல் வேலை, அதை 5.89 × 10⁻⁷ மீட்டர் என்று எழுதுவது. வேகத்தை இதனால் வகுத்தால் அதிர்வெண் 5.09 × 10¹⁴ ஹெர்ட்ஸ். அதைப் பிளாங்க் மாறிலி 6.626 × 10⁻³⁴ ஜூல் நொடியால் பெருக்கினால் 3.37 × 10⁻¹⁹ ஜூல். இது ஒரே ஒரு ஃபோட்டானின், அதாவது ஒளியின் ஒரே ஒரு ஆற்றல் பொட்டலத்தின் ஆற்றல். ஒரு மோலுக்குக் கேட்டால் அவகாட்ரோ எண்ணால் பெருக்குங்கள், சுமார் 203 கிலோஜூல் வரும். 'ஒரு ஃபோட்டானுக்கா, ஒரு மோலுக்கா' என்று கேள்வியை இரண்டு முறை படியுங்கள், மதிப்பெண் போவது அங்கேதான்.

கண்ணுக்குத் தெரியும் ஒளி என்றால் ஒரு ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 3-லிருந்து 5 × 10⁻¹⁹ ஜூலுக்குள் வரவேண்டும். 10⁻²⁸ என்று வந்தால் நானோமீட்டரை மாற்ற மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: ஒளிமின் விளைவில், அதாவது உலோகத்தின் மேல் ஒளி பட்டு எலக்ட்ரான் வெளியேறும் நிகழ்வில், சில நிற ஒளியின் செறிவைக் கூட்டினாலும் எலக்ட்ரான் ஏன் வெளியே வருவதில்லை? மொத்த ஆற்றல் கூடுகிறதே?

இந்த அத்தியாயத்தின் உயிரே இந்தக் கேள்விதான். மொத்த ஆற்றல் கூடுகிறது, உண்மை. ஆனால் ஒரு எலக்ட்ரான் ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டானைத்தான் வாங்கிக்கொள்ளும். ரயில் நிலையத்து எடை மெஷின் ஒரு ரூபாய் நாணயத்துக்குத்தான் அட்டை தந்தது, ஐம்பது பைசாவை நூறு முறை போட்டாலும் அசையாது. அந்த மாதிரி.

பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கச் சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு) வேண்டும். 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஃபோட்டானிடம் இருப்பது 1.77 மட்டும். எவ்வளவு பிரகாசமான சிவப்பு விளக்கு வைத்தாலும் பயனில்லை. 400 நானோமீட்டர் ஊதா ஒளி மங்கலாக இருந்தாலும் போதும். அதன் ஃபோட்டானில் 3.1 இருக்கிறது, மிச்சம் 0.8 எலக்ட்ரானின் இயக்க ஆற்றலாகப் போகும். பயன்தொடக்க அதிர்வெண்ணை, அதாவது எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண்ணைத் தாண்டிய பிறகு செறிவைக் கூட்டினால் வெளியேறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடும், வேகம் கூடாது. 1905-இல் ஐன்ஸ்டீன் தந்த விளக்கம் இதுதான். 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் குறிப்பிட்டதும் இதைத்தான், சார்பியலை அல்ல.

கேள்வி: வைஃபை, மைக்ரோவேவ் எல்லாம் கதிர்வீச்சுதானே, மூலக்கூறை உடைக்காதா?

அதே விடைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஃபோட்டானில் சுமார் 10⁻⁵ எலக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க 3.6 வேண்டும், அதாவது மூன்று லட்சம் மடங்குக்கு மேல். மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்கும், பிணைப்பை அறுக்காது. புற ஊதாவிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் இயற்பியல். வேதியியலில் ஏன் படிக்க வேண்டும்?

எலக்ட்ரான் எந்த ஆற்றல் மட்டத்தில் இருக்கிறது என்று அணுவிடம் கேட்க நமக்கு இருக்கும் முக்கியமான வழி ஒளிதான். ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது ஸ்ட்ரான்ஷியம் கருஞ்சிவப்பாக எரிவதும் பேரியம் பச்சையாக எரிவதும் எலக்ட்ரான் மேல் மட்டத்திலிருந்து கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் வித்தியாசம் ஒளியாக வெளிவருவதால்தான். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து ஜான்சன் என்ற பிரெஞ்சு வானியலாளர் நிறமாலைமானி (ஒளியை நிறவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தார். அந்த ஆண்டு சூரிய நிறமாலையில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்கு மிக அருகில் இருந்தது, ஆனால் அதே இடத்தில் இல்லை. அதைத் தொடர்ந்து போய்த்தான் ஹீலியம் என்ற தனிமமே தெரியவந்தது. பூமியில் அது கிடைக்கும் முன்பே!

கேள்வி: ஹைட்ரஜனில் ஒரே எலக்ட்ரான். அதன் நிறமாலையில் கண்ணுக்குத் தெரியும் நான்கு கோடுகள் எப்படி?

ஹைட்ரஜன் அடைத்து ஒளிரவைக்கும் குழாயில் இருப்பது ஒரு அணு அல்ல, கோடிக்கணக்கான அணுக்கள். ஒரு அணுவில் எலக்ட்ரான் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 656 நானோமீட்டர் சிவப்பு. வேறொன்றில் நான்கிலிருந்து இறங்கினால் 486. ஐந்திலிருந்து 434, ஆறிலிருந்து 410. எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால் நான்கையும் சேர்த்துப் பார்க்கிறோம்.