லண்டன் தொலைக்காட்சியும் கோண்டாவில் காணியும்

சென்ற கிழமை கோண்டாவிலிலிருந்து ஒரு தாயார் காணி உறுதியின் நிழற்பிரதியுடனும் மகளுடனும் என்னிடம் வந்திருந்தார். உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளை லண்டனில் ஒளிபரப்பு ஊடகவியல் படித்தால் பிபிசியின் சர்வதேசத் தொலைக்காட்சியில் வேலை நிச்சயம், பிரித்தானிய அரசே பின்னால் நிற்கும் நிறுவனம் அது என்று மாமா சொல்லியிருக்கிறார். பணத்துக்குக் காணியை ஈடு வைப்பதா என்பதே தாயாரின் கேள்வி.

அம்மா, வைக்க வேண்டாம். மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி பிபிசியின் தமிழ் வானொலியான தமிழோசையைக் கேட்ட தலைமுறை நாம்; அந்தப் பெயரின் மீது நமக்குள்ள மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் மாமா வானொலியையும் தொலைக்காட்சியையும் ஒன்றாக்கிவிட்டார். பிபிசியின் உலக சேவை வானொலிக்கு 2014 வரை பிரித்தானிய வெளியுறவு அமைச்சு பணம் கொடுத்தது. 1991இல் தொடங்கிய சர்வதேசத் தொலைக்காட்சிக்கு அப்படியான மானியம் கிடைக்கவில்லை; அது தானே உழைத்துத் தன் செலவைப் பார்க்க வேண்டியிருந்தது. 1994இல் வெளியான வெள்ளை அறிக்கையில், அதாவது கொள்கை அறிக்கையில், பிரித்தானிய அரசு அந்த வணிக விரிவாக்கத்துக்கு ஆதரவளித்தது உண்மைதான். தனியார் பங்காளிகளோடு வெளிநாட்டுச் சந்தைக்குப் போகலாம், உள்நாட்டு மக்கள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை அதில் போடக் கூடாது என்பதே அந்த ஆதரவின் சாரம். அனுமதி கிடைத்தது, பணப்பை திறக்கவில்லை. அதே ஆண்டில் ஆசியாவுக்கு ஒளிபரப்பிய ஸ்டார் நிறுவனம், சீனப் பக்கம் நோக்கிய வடக்குச் செய்மதிக் கற்றையிலிருந்து பிபிசியின் அந்த அலைவரிசையை நீக்கியதும், சீனாவைப் பார்த்த வாசல் மூடிக்கொண்டது. தமிழோசை வானொலியும் 2017 ஏப்ரலோடு நின்றது. இப்படிப்பட்ட துறையில் திரைக்கு முன்னால் உட்காரும் நாற்காலிகள் எத்தனை இருக்கும் என்று மாமாவிடமே கேளுங்கள்.

அறிவிப்பாளர், நிருபர் வழிகளைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது மகளின் கொப்பியைப் பற்றி. “படத்தை நிறுத்தி நிறுத்தி எழுதி நேரத்தை வீணாக்குகிறாள்” என்று நீங்கள் குறைபட்டீர்களே, அந்தக் கொப்பியை நான் வாங்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் “உன் தம்பிதான் காணியை விற்றான்” என்றிருந்த உபதலைப்பை (ஆங்கிலப் படத்தின் அடியில் வரும் தமிழ் வரியை) வெட்டி, “காணியை விற்றது உன் தம்பிதான்” என்று திருத்தியிருக்கிறாள். ஆங்கில வசனத்தில் கடைசியாக வரும் ஆளை, நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே தமிழ் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்பது அவளுக்கு யாரும் கற்பிக்காமலே தெரிந்திருக்கிறது. உபதலைப்புக்கு இரண்டு வரிதான் இடம். திரையில் சில வினாடிதான் நிற்கும். வாசிக்கும் கண்ணுக்கு நேரம் வேண்டும் என்பதால் பாதிச் சொற்களை விட்டுவிட்டு முழுப் பொருளையும் காக்க வேண்டும். நிகழ்ச்சிகளை நாடு நாடாக விற்கும் எந்த ஒளிபரப்பாளருக்கும் இந்த வேலை தேவை. இதற்கு விசாவும் தேவையில்லை, வீட்டு மேசையே போதும். வருமானம் ஒழுங்காக வராத மாதங்கள் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புக் கற்கைக்கு விண்ணப்பியுங்கள். அனுமதி நிபந்தனைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மகளே வாசிக்கட்டும். அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் கட்டணம் இல்லை. சிங்களத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளான இந்த நாட்டில் மொழிபெயர்ப்பாளர் சேவையும் நீதிமன்ற வேலையும் அவளுக்குத் திறந்திருக்கும். (மாமாவுக்கு இது சின்ன வேலையாகத் தெரியலாம். ஈட்டு வட்டியை அவர் கட்டப் போவதில்லை.)

உறுதியைத் திரும்பப் பெட்டகத்தில் வையுங்கள். அடுத்த முறை மகள் மட்டும் வந்தால் போதும். கொப்பியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.