பிரிக்காத உறையும் வெள்ளைப் பொடியும்

கேள்வி: எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவில், அமெரிக்க கூட்ஸ் ரயில் வேகன் மாடல்கள் 34 சேர்த்திருக்கிறேன். எல்லாமே லிமிடெட் எடிஷன். பிரித்தால் விலை போய்விடும் என்று உறையோடு மர பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு சில வேகன்களின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. பிரிக்கலாமா? பத்து வருடம் பொறுத்தால் நல்ல விலை கிடைக்குமா?
– வாசகர், குன்னூர்

பதில்: பிரியுங்கள். விலைக் கணக்கு அப்புறம்.

மெல்லிய பிளாஸ்டிக் உறை தண்ணீரைத் தடுக்கும், ஈரக்காற்றைத் தடுக்காது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கிற ஊர் உங்களுடையது. மாதக்கணக்கில் கசிந்து உள்ளே போகும் ஈரத்தை அட்டை குடித்து வைத்துக்கொள்ளும். பகலில் சூடானால் கக்கும். ராத்திரி குளிர்ந்ததும் அது வேகனின் உலோகத்தில் போய்ப் படியும். உறை இருப்பதால் சட்டென்று வெளியேற வழியும் இல்லை.

உறையின் பின்புற மடிப்பில் மட்டும் பிளேடால் கீறுங்கள். சான்றுச்சீட்டு, உதிரி பாகங்கள் உள்ள சிறு பை, ரசீது எதையும் தொலைக்காதீர்கள். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் இவற்றைத்தான் முதலில் கேட்பார். உறை பிரிந்திருக்கிறது என்பதற்காக ஓடிவிட மாட்டார். பிரிக்காத பெட்டிக்குள் என்ன அழுகிக் கிடக்கிறது என்பது அவருக்கும் கவலைதான்.

இனி அந்த வெள்ளை. அது மூன்றில் ஒன்றாக இருக்கும். அட்டையிலும் பெயின்டிலும் பஞ்சு மாதிரிப் படர்ந்து, முகர்ந்தால் மக்கல் வாடை அடித்தால் பூஞ்சை. நிழலில் நன்றாகக் காயவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, வாசலில் வைத்து மெல்லிய பிரஷால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சை அட்டையில் அச்சிட்ட படத்துக்குள் தேய்ந்து இறங்கிவிடும். ஸ்பிரிட் வைத்துத் துடைக்கவே வேண்டாம். பக்கவாட்டு எழுத்து பூஞ்சையோடு சேர்ந்து வந்துவிடும்.

வேகனின் அடியில் எடைக்காக வைத்த ஈயத்தின் மேல் மாவு மாதிரி இருந்தால் கதை வேறு. அட்டை, மரம், வெள்ளை மரப்பசை மூன்றும் அசிட்டிக் அமில ஆவி விடும். அது ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கும். பொடி ஊதிப் பெருகித் தரைப்பலகையையே நெம்பும். அது விஷம். கையுறை போட்டு ஈரத்தாளால் ஒற்றி எடுங்கள், ஊதித் தள்ளாதீர்கள். ஈயத்தைக் கழற்றிவிட்டுப் பித்தளை வாஷர்களை எபாக்சியால் ஒட்டுங்கள். எவ்வளவு? அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை, வேகனுக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 40 அடி பாக்ஸ்கார் (மூடிய சரக்கு வேகன்) 1:87-இல் சுமார் 5.5 அங்குலம் வரும். ஆக 3.75 அவுன்ஸ், அதாவது 106 கிராம். சமையலறைத் தராசு போதும்.

மூன்றாவதுதான் வயிற்றில் புளியைக் கரைப்பது. துத்தநாகக் கலவையில் வார்த்த அடிச்சட்டத்தில் சிலந்திவலை போல விரிசல், வளைவு, கொப்புளம் தெரிந்தால் உலோகமே உள்ளிருந்து உதிர்கிறது என்று அர்த்தம். வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்ததுதான் காரணம். ஈரமும் வெப்பமும் வேகப்படுத்தும். மருந்து கிடையாது. பக்கத்து வேகனுக்குத் தொற்றும் என்பது வெறும் புரளி. மேலுடலைக் கழற்றிக் காப்பாற்றுங்கள், சட்டத்துக்கு மாற்று தேடுங்கள். 34-இல் உலோகச் சட்டம் உள்ளவற்றை முதலில் பிரிக்கச் சொல்வது இதனால்தான்.

உள்ளே மஞ்சளான ஸ்பாஞ்சு இருந்தால் தூக்கி எறியுங்கள். பிசுபிசுத்துப் பெயின்டில் ஒட்டும். அமிலமில்லாத டிஷ்யூ தாள் சுற்றுங்கள், செய்தித்தாள் கூடாது. பி.வி.சி. கவரும் ஆகாது, அதிலிருந்து கசியும் எண்ணெய் வேகனின் பிளாஸ்டிக்கை இளக்கும்.

மர பீரோவுக்கு விடை கொடுத்துவிட்டு, ரப்பர் விளிம்புள்ள மூடி கொண்ட பாலிபுரொப்பிலீன் டப்பாக்களுக்கு மாறுங்கள். தை, மாசி வெயில் நாளில் அட்டைகளை நிழலில் நன்கு உலர்த்திய பிறகே உள்ளே வைக்க வேண்டும். ஈர அட்டையோடு சிலிக்கா ஜெல்லைப் போட்டால் இரண்டே நாளில் ஜெல் நிரம்பிவிடும், நீங்கள் ஜெல்லைத் திட்டுவீர்கள். ஒரு சின்ன ஈரமானியும் போடுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது; ரொம்பக் குறைந்தால் ஒட்டுப்படம் நொறுங்கக்கூடும். நிறம் மாறிய ஜெல்லை ஓவனில் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம். பீரோதான் வேண்டுமென்றால் இரும்பு பீரோ, அதன் அடித்தட்டில் பழைய ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, இழை உள்ள அந்தப் பல்பு 15 வாட் வரை சூடு தரும். எல்.ஈ.டி. போட்டால் வெளிச்சம்தான் மிச்சம். வேகன் அதிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும்.

இப்போது விலை. ‘500-இல் 37’ என்று சீட்டில் இருந்தால், எதில் 500 என்று கேளுங்கள். ஒரே அச்சில், ஒரே பெயின்டில், பக்கவாட்டு எண்ணை மட்டும் மாற்றி ஆறு விதமாக வெளியிட்டால் 3,000 வேகன். அடுத்த வருடம் ஏழாவது எண்ணோடு வந்தாலும் சீட்டு பொய் சொன்னதாகாது. எண்ணிக்கையே போடாமல் வெறுமனே லிமிடெட் என்றிருந்தால், அது விளம்பரம்.

வேகனின் பக்கத்தில் பி.எல்.டி. (BLT) என்ற எழுத்துக்கு அருகே கட்டிய மாதமும் வருடமும் இருக்கும். பாக்ஸ்காரின் கூரையில் நடைபலகை இருந்து, வருடம் 1970-க்கு மேல் என்றால் சந்தேகப்படுங்கள். 1966 முதல் புதிய பாக்ஸ்கார்களுக்கு நடைபலகை வைப்பதை நிறுத்தினார்கள். கைக்கு வந்த அச்சில் கைக்கு வந்த பெயின்டை அடித்த சரக்கு அது. நிஜ வேகனைப் பார்த்துக் குறைந்த எண்ணிக்கையில் செய்ததற்குப் பின்னாளிலும் ஆள் இருக்கும். கிறிஸ்துமஸ் படம் போட்டதற்கு எனக்குத் தெரிந்து கிராக்கி டிசம்பரோடு சரி.

இன்னொன்று, வாங்கப்போகிறவர் அமெரிக்காவில் இருக்கிறார். நீங்கள் கட்டிய சுங்கத்தீர்வையும் தபால் கூலியும் அவருக்குக் கணக்கே இல்லை. திருப்பி அனுப்பும் கூலி வேறு உங்கள் தலையில். பத்து வருடம் பொறுத்தும் போட்டது வந்தாலே பெரிது.

பிரித்ததை ஓட்டியும் பாருங்கள். 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளம் நாலடி போதும். கல்லாறு–குன்னூர் தடத்தின் 1-க்கு 12 ஏற்றத்தைப் பலகையில் கொண்டுவரும் ஆசை வேண்டாம். அங்கே நடுவில் பல்தண்டவாளம் இருக்கிறது, எஞ்சினும் கீழே நின்று தள்ளுகிறது. உங்களுக்கு 1-க்கு 40 தாராளம். அதற்கு முன் கேடி நிறுவனத்தின் 205 எண் உயர அளவியை வைத்து, வேகன்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளரையும் பாருங்கள். துருவேறி ஊதிய எடைத்தகடு தரைப்பலகையை வளைத்திருந்தால், ஒருமுனைக் கப்ளர் தொங்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரச் சேதத்தை அந்த அளவி காட்டிக்கொடுத்துவிடும்.