டேனர் பாதையில் இரண்டு நாள் நடைக்கு 4 லிட்டர் தண்ணீர் போதுமா?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் டேனர் பாதை வழியே இறங்கி, ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறி வர ஆளுக்கு 4 லிட்டர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

அதே பள்ளத்தாக்கின் பிரைட் ஏஞ்சல் பாதையில் போய் வந்த தெம்பில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே கோடையில் வழியிலேயே குழாய்த் தண்ணீர் கிடைக்கும். டேனரில் அப்படியில்லை. பாதை தொடங்கும் மேல் விளிம்பான லிப்பன் பாயிண்டில் கிளம்பினால் 9 மைல் தள்ளி கொலராடோ ஆறு வரும்வரை நம்பக்கூடிய தண்ணீர் எங்கும் கிடையாது. நிழலும் அரிது. இறக்கம் சுமார் 1,400 மீட்டர்.

இறங்க 5 முதல் 7 மணி நேரம், ஏற 8 முதல் 11 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மிதமான வெயிலிலேயே மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் செலவாகும். அதனால் மேலிருந்தே 7 லிட்டரோடு கிளம்புங்கள். பாதி வழியில் ரெட்வால் என்ற செங்குத்துப் பாறைச் சுவர் தொடங்கும். அதன் உச்சியில் 3 லிட்டரை ஒளித்து வைத்துவிட்டு இறங்குங்கள். மறுநாள் ஆற்றிலிருந்து அதுவரை ஏற 4 லிட்டர் சுமந்தால் போதும். உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் ஏற்றத்தில்தான். இறங்கும்போது எல்லோருக்கும் எல்லாம் சுலபமாகத் தெரியும்.

ஒளிக்கும் பாட்டில் தடிமனானதாக இருக்கட்டும். மெல்லிய பால் கேன் வெடிக்கும், பையை எலி கடிக்கும், அண்டங்காக்கை ஜிப்பையே திறந்துவிடும். பாறையடி நிழலில் வைத்து, பெயரும் எடுக்கப்போகும் தேதியும் எழுதுங்கள். தேவைப்படவில்லை என்று அப்படியே விட்டுப்போகிறவர்கள் மேல் எனக்கு ஆற்ற முடியாத கோபம் உண்டு. அது தருமத் தண்ணீர்ப் பந்தல் அல்ல, குப்பை. அடுத்தவர் வைத்த தண்ணீரை எடுத்துக் குடிப்பதோ அதைவிடக் கொடுமை.

ஆற்றுத் தண்ணீரை அப்படியே வடிகட்டியில் விடாதீர்கள். ஆற்றின் போக்கில் 7 மைல் மேலே லிட்டில் கொலராடோ என்ற துணையாறு வந்து கலக்கிறது. அந்தப் பக்கம் மழை பெய்தால் ஆறு செம்மண் குழம்பாகிவிடும். சில லிட்டரிலேயே வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மடக்கு வாளியில் மொண்டு, ஒரு சிட்டிகை படிகாரத் தூளைப் போட்டு மெல்லக் கலக்கி, அசைக்காமல் வையுங்கள். நம் ஊரில் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவார்களே, அதே வேலைதான். வண்டல் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டுங்கள். வடிகட்டி உடைந்தால் குளோரின் டை ஆக்சைடு மாத்திரை கைகொடுக்கும், ஆனால் எல்லாக் கிருமியும் சாக 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். சிறுநீர் நிறமின்றி அடிக்கடி போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் தண்ணீரை நிறுத்திவிட்டு உப்பாக ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். தெளிவில்லாமல் பேசினால் உடனே உதவி கேளுங்கள். உப்புக் கடலை, ஊறுகாய்ப் பொட்டலம், முதல் நாளுக்குப் புளியோதரை எல்லாம் இந்த நடைக்கென்றே அமைந்தவை.

இது பயமுறுத்தல் என்று சிலர் சொல்லக்கூடும். நவம்பர் குளிரில் 4 லிட்டரோடு போய் வந்தவர்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மேலே இருப்பதைவிட ஆற்றங்கரையில் 10 டிகிரிக்கு மேல் சூடு அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பாதையே வேண்டாம். மற்ற மாதங்களிலும் ஏற்றத்துக்கு விடியற்காலை 4 மணிக்கே நெற்றி விளக்கோடு கிளம்புங்கள்.

பாதை மறைந்தால் கடைசியாகப் பார்த்த அடையாளக் கற்குவியலுக்கே திரும்புங்கள். ஓடை வழியே இறங்கினால் ஆற்றுக்குத்தானே போகும் என்று தோன்றும். ரெட்வாலில் பெரும்பாலான ஓடைகள் செங்குத்தான பள்ளத்தின் விளிம்பில் போய் முடியும்.

கீழே கைபேசிச் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி கட்டாயம். இரவு தங்க அனுமதிச் சீட்டும் வேண்டும். ஆற்றின் மேல்பகுதியிலுள்ள அணையில் திறந்துவிடுவதைப் பொறுத்து ஆற்றுமட்டம் ஏறி இறங்கும், கூடாரத்தை ஈர மணலுக்கு மேலே போடுங்கள். எந்தப் பாதை, எங்கே தங்கல், கார் எண், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும், இவ்வளவையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.