பொக்கராவில் மூன்று வாரம்: ஊரின் சாப்பாட்டு நேரத்துக்கு மாறினேன்

கேள்வி: பயணத்தில் ஓர் ஏரிக்கரை ஊரில் சில வாரங்கள் தங்க நேர்ந்தால், அன்றாட வாழ்க்கையை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்வது?

அந்த ஊர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறது என்று முதலில் பாருங்கள். மற்றவை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

2019 நவம்பரில் நேபாளத்தின் பொக்கராவில், ஃபேவா ஏரிக்கரையில் மூன்று வாரம் தங்கினேன். கையில் மொழிபெயர்ப்பு வேலை இருந்தது. முதல் நான்கு நாள் எட்டு மணிக்குச் சிற்றுண்டி, ஒரு மணிக்குச் சாப்பாடு என்று வீட்டுப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன். கைக்கடிகாரத்தைக்கூட மாற்றவில்லை, நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி முன்னால் ஓடுகிறது. வேலையும் நகரவில்லை, ஊரும் பிடிபடவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, பக்கத்துச் சந்தில் இருந்த சிறிய கடையில் டாக்ஸி ஓட்டுநர்களும் படகோட்டிகளும் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேபாளத்தில் பலருக்கு இதுதான் வழக்கம்: எழுந்ததும் தேநீர், பத்து மணியளவில் முழுச் சாப்பாடு, பிற்பகலில் 'காஜா' எனும் சிறுதீனி, இரவில் மறுபடி தால்-பாத், அதாவது பருப்பும் சோறும். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்கார அம்மாள் கறுப்பு உளுந்துப் பருப்புக்குத் தாளிப்பதை அடுப்பருகே நின்று தினமும் பார்ப்பேன். கரண்டியில் நெய் காய்ந்ததும் ஜிம்பு ஒரு சிட்டிகை போடுவார். வெங்காயக் குடும்பத்து மலைச்செடி அது. காயவைத்த அதன் இலை வைக்கோல் துணுக்குபோல இருக்கும். அது கருகுவதற்குள் கரண்டியோடு பருப்புக்குள் முக்குவார். சொர்ரென்ற சத்தமும், பூண்டும் பெருங்காயமும் கலந்தது போன்ற மணமும் எழும். அங்கே சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து அவர் என்னை 'பஹினி' என்றார், தங்கை என்று பொருள். நான் 'தீதி' என்றேன், அக்கா என்று. "பாத் தப்னே?" என்று கேட்டபடியே சோற்றைப் போட்டுவிடுவார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை.

பத்து மணிச் சாப்பாடு நிலைத்ததும் நாள் முழுவதும் அதைச் சுற்றி அமைந்தது. ஆறு மணிக்குத் தேநீருடன் ஏரிக்கரை. ஊர் இருட்டிலிருக்க, 6,993 மீட்டர் உயர மச்சாபுச்சரேயின் உச்சியில் மட்டும் முதல் வெயில் படும். பெயருக்கு 'மீன்வால்' என்று பொருள், இரட்டை நுனியால் வந்த பெயர். பொக்கராவிலிருந்து பார்த்தால் ஒற்றைக் கூம்புதான், இரட்டை நுனி தெரிய மேற்கே போக வேண்டும். பல நாட்களில் மேகம் ஏறி மலையை மறைத்துவிடும், நானும் அறைக்குத் திரும்புவேன். ஏழிலிருந்து பத்து வரை எழுதியதுதான் அன்றைய உருப்படியான வேலை. சாப்பிட்டபின் திருத்தம், மாலையில் நடை.

ஒன்றை மட்டும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. அன்று ஏரிக்கரை முழுக்கக் குடும்பங்கள், தால் பாராஹி கோயில் தீவுக்குப் படகேற நீண்ட வரிசை. நானும் சனிக்கிழமையை விடுமுறையாக்கி, ஞாயிறு வேலை செய்தேன்.

நீங்கள் போவதும் பொக்கராவாக இருந்தால் அக்டோபர், நவம்பர் நல்லது. மழைக்காலத்தில் மலை பெரும்பாலும் தெரியாது. நம் 100 ரூபாய் அங்கே 160 நேபாள ரூபாய். நான் போனபோது 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களுக்கு அங்கே தடை இருந்தது. விதி மாறியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். எதற்கும் கொஞ்சம் நூறு ரூபாய்த் தாள்களாகவே எடுத்துப்போங்கள்.