ஸ்பேனர் ஸ்பேனர்தான், ஸ்டெப்னி மட்டும் வேண்டாம்

தம்பி, வியாசர்பாடியிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மனைவிக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நர்ஸ் வேலை, நீங்களும் கூட வருகிறீர்கள், படித்தது தமிழ் மீடியம், ஐடிஐ ஃபிட்டர். "எல்லாரும் இங்கிலீஷ் கஷ்டம்னே பயமுறுத்துறாங்கண்ணா, அதுல ஈஸியா எதுவுமே இல்லியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. நான் தண்டையார்பேட்டைக்காரன். இங்கே வந்து 17 வருஷம், அதே ஃபிட்டர் வேலைதான்.

வினைச்சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் போனேன், போனாய், போனான், போனாள், போனது, போனார்கள் என்று ஆளுக்கு ஒரு வால் ஒட்ட வேண்டும். இங்கே நான் போனாலும் முதலாளி போனாலும் அவர் நாய் போனாலும் 'வென்ட்'தான். நாளைக்குப் போவதென்றால் முன்னால் ஒரு 'வில்', முடிந்தது. 'ஹி கோஸ்' என்று ஒரே ஓர் இடத்தில் 'ஸ்' வந்து ஒட்டும். அதை மறந்தால் யாரும் சம்பளத்தைப் பிடிக்க மாட்டார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் போலந்துக்காரர் ஒருவர், ஆங்கிலம் மாதிரி சோம்பேறி மொழி உண்டா என்று சிரிப்பார். அவர் மொழியில் மேசை, புத்தகத்துக்குக்கூட ஆண், பெண் உண்டு, வேற்றுமை ஏழு. ஆனால் நம் மாதிரியே அவர்களுக்கும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டும் 'எ', 'த' கிடையாது. அவரும் நானும் அவற்றை விழுங்கிவிட்டுத்தான் பேசுவோம். ஒரு நாளும் வேலை நின்றதில்லை.

இன்னொன்று, நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்', தெருவில் 'வந்துகினுகீறாங்க'. வெளியூர்க்காரன் தமிழ் கற்றால் இரண்டு மொழி கற்ற மாதிரி. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு தூரம் கிடையாது. படித்த வாக்கியத்தை அப்படியே வாயால் சொல்லலாம். ஸ்பெல்லிங்தான் கொடுமை. அதை போன் பார்த்துக்கொள்ளும், விடுங்கள்.

பட்டறைக்குள் நீங்கள் பாதி ஆங்கிலத்தோடுதான் நுழைகிறீர்கள். துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பட்டறை என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே நம் பக்கம் புழங்கிய சொற்கள்தானே. ஸ்பேனர், லாரி, பெட்ரோல், டார்ச், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இங்கேயும் அதேதான். அமெரிக்கா போயிருந்தால் ஸ்பேனரை ரெஞ்ச் என்றும் லாரியை டிரக் என்றும் மாற்ற வேண்டியிருக்கும். ஆக்ஸா பிளேடுக்கு முன்னால் ஒரு 'ஹ' சேர்க்க வேண்டும், அதையும் இந்த ஊரில் பாதிப் பேர் விழுங்கித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டெப்னி என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டு, லண்டனில் இருக்கும் ஒரு பேட்டைக்கு வழி சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் போனதே இந்த நாட்டிலிருந்துதான்: வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் செய்த உபரிச் சக்கரம். இவர்கள் மறந்துவிட்டார்கள், நம் மெக்கானிக்குகள் மறக்கவில்லை. இங்கே 'ஸ்பேர் வீல்' என்று கேட்க வேண்டும். அதேபோல் டிக்கி கிடையாது, 'பூட்'.

சுலபம் என்று நம்பி நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. நீ, நீங்கள் என்ற சிக்கல் இல்லை, எல்லாருக்கும் 'யூ', மேனேஜரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அதனால் மரியாதையே வேண்டாம் என்று நினைத்துவிட்டேன். முதல் வாரம் ஒரு டீக்கடையில் 'கிவ் மீ டீ' என்றேன். அந்த அம்மா டீ கொடுத்தார், முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. எனக்குப் புரியவே இல்லை. 'டீ கொடுங்க' என்று மனசுக்குள் மரியாதையாகத்தானே சொன்னேன்! நாம் 'ங்க'வில் வைக்கிற மரியாதையை இவர்கள் 'ப்ளீஸ்'இல் வைக்கிறார்கள். அதை விட்டால் 'டீ கொடு' என்று அதட்டின மாதிரி. 'குட் ஐ ஹேவ் எ டீ, ப்ளீஸ்'. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறுங்கள். டீ இருக்கிற இடத்தில் ஸ்பேனரையோ, லீவு வேண்டுமென்றால் 'டே ஆஃப்' என்றோ போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், லீட்ஸ் பேச்சு நீங்கள் யூடியூபில் கேட்கிற ஆங்கிலம் மாதிரி இருக்காது. பஸ்ஸை 'புஸ்' என்பார்கள். வட சென்னைப் பேச்சை டிவியில் கிண்டல் செய்கிற மாதிரி, இங்கிலாந்தின் தெற்கத்திக்காரர்கள் இவர்களைக் கிண்டல் செய்வதும் உண்டு. கடையில் பில் போடும் பெண்மணி உங்களை 'லவ்' என்று கூப்பிட்டால் பதறாதீர்கள், மனைவியிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் தெருவில் இட்லி விற்கும் ஆயா 'இன்னா கண்ணு, எத்தினி வோணும்' என்று கேட்பாரே, அதேதான்.